வாடகை பாக்கி அட்வான்ஸைத் தாண்டுவதற்கு முன்

கேட்டவர் பெங்களூரில் வேலை பார்க்கிறார். குரோம்பேட்டையில் அப்பா கட்டிய வீட்டின் மாடிப் போர்ஷனை மாதம் 14,000 ரூபாய்க்கு விட்டிருக்கிறார். அட்வான்ஸ் 70,000. நான்கு மாதமாக வாடகை வரவில்லை. போன் செய்தால், "அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க சார்" என்று பதில் வருகிறது. 11 மாத அக்ரிமென்ட் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது அங்கே இன்னொரு குடும்பமும் தங்கியிருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறாராம். "மோட்டாரை நிறுத்தித் தண்ணீரை அடைத்தால் தானாகவே காலி செய்துவிடுவார் என்று மாமா சொல்கிறார், செய்யலாமா?" என்பது கேள்வி.

செய்யாதீர்கள். வாடகை வழக்குகளில் வீட்டு ஓனர்கள் தங்கள் கையாலேயே கெடுத்துக்கொள்ளும் இடம் இதுதான். தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றப்பட்ட நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 20-வது பிரிவு, தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை ஓனர் நிறுத்தக் கூடாது என்கிறது. வாடகை பாக்கி இருக்கிறதா இல்லையா என்பது அங்கே பேச்சே இல்லை. தண்ணீரை அடைத்த மறுநாள் அவர் ரென்ட் அத்தாரிட்டியிடம், அதாவது இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம், மனு கொடுத்தால், நான்கு மாதம் வாடகை தராதவர் புகார்தாரர், நீங்கள் எதிர்மனுதாரர். இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வரும், அதற்கு மேல் அபராதமும் வரலாம்.

பூட்டை மாற்றுவது இதைவிட மோசம். குடியிருப்பவரைச் சட்டப்படியான வழியில்லாமல் வெளியேற்றினால், குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 6-வது பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அவர் திரும்ப உள்ளே வரலாம். அந்த வழக்கில் வீடு யாருடையது என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை, யார் குடியிருந்தார்கள் என்று மட்டும்தான் பார்க்கும். பீரோவில் இருந்த நகையைக் காணோம் என்று ஒரு புகாரும் சேர்ந்து வந்தால் கதை வேறு மாதிரி ஆகிவிடும். இன்ஸ்பெக்டரை வைத்துப் பேசலாம் என்ற யோசனையும் மாமாவிடமிருந்து அடுத்து வரும். "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று ஸ்டேஷனில் சொல்வார்கள். அப்படிச் சொல்வதுதான் சரியும்கூட.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். அட்வான்ஸ் 70,000, பாக்கி 56,000. கையில் மிஞ்சியிருப்பது ஒரு மாத வாடகை. பெயின்ட் அடிக்கும் செலவு, ஈபி பாக்கி, உடைந்த குழாய் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். அதாவது உங்கள் அட்வான்ஸ் இன்றைக்கே தீர்ந்துவிட்டது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், தகராறு செய்யும் குடித்தனக்காரரிடம் ஓனருக்கு இருக்கும் ஒரே பிடி அந்த அட்வான்ஸ்தான். பாக்கி அதைத் தாண்டும் வரை, காலி செய்தால் கைக்குப் பணம் வரும் என்ற ஆசை அவருக்கு இருக்கும். தாண்டிவிட்டால் காலி செய்வதில் அவருக்கு ஒரு லாபமும் இல்லை, இருக்கும் ஒவ்வொரு மாதமும் லாபம். "அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க" என்று முதல் முறை கேட்டபோதே நோட்டீஸ் போயிருக்க வேண்டும். பெரும்பாலான ஓனர்கள் "பாவம், வேலை போயிடுச்சாம்" என்று ஆறு மாதம் விட்டுவிட்டு, ஏழாவது மாதம் கோபத்தோடு வக்கீலைத் தேடுகிறார்கள். இரக்கம் காட்டுவது உங்கள் விருப்பம். ஆனால் எழுத்தில் காட்டுங்கள்: இந்த இரண்டு மாத வாடகையை இன்ன தேதிக்குள் தருகிறேன் என்று ஒரு கடிதமோ, வாட்ஸ்அப் செய்தியோ வாங்கி வையுங்கள்.

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கும் பழக்கம் வந்ததற்கும் இந்தப் பயம்தான் காரணம். புதுச் சட்டத்தில், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்க முடியாது. நீங்கள் ஐந்து மாதம் வாங்கியிருக்கிறீர்கள். அது அக்ரிமென்டில் எழுதப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

அந்த அக்ரிமென்ட் பற்றியே கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் 11 மாதத்துக்கு எழுதி நோட்டரியிடம் சீல் வாங்கினால் போதும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த 11 மாதம் எங்கிருந்து வந்தது? ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்று பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்க ஒரு மாதத்தைக் குறைத்துக்கொண்டார்கள். சார்பதிவாளர் விஷயத்தில் அது இன்றைக்கும் செல்லும். ஆனால் 2017 சட்டப்படி எந்த வாடகை ஒப்பந்தமும், 11 மாதமானாலும் மூன்று மாதமானாலும், எழுத்தில் இருக்க வேண்டும், ரென்ட் அத்தாரிட்டியிடம் பதிவாக வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அந்தப் பொறுப்பில் இருக்கிறார். அரசின் டெனன்சி இணையதளத்தில் பதிந்தால் ஒரு பதிவு எண் கிடைக்கும். பதியாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்பதில் 4ஏ பிரிவு தடை வைக்கிறது. நோட்டரி சீல் எத்தனை சிவப்பாக இருந்தாலும் அந்த இடத்தில் உதவாது.

இதெல்லாம் கேட்டு மனம் தளர வேண்டாம். அதே சட்டம் உங்களுக்கு ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. 11 மாதம் முடிந்தும் குடித்தனக்காரர் இருந்தால், பழைய நிபந்தனைகளின்படியே மாதாமாதம் நீடிப்பதாகக் கருதப்படும், அதுவும் அதிகபட்சம் ஆறு மாதம்தான். உங்கள் விஷயத்தில் அந்த ஆறு மாதம் எப்போதோ போய்விட்டது. அதற்குப் பிறகு எழுத்து ஒப்பந்தம் எதுவும் இல்லை என்றால், 21-வது பிரிவின் முதல் காரணமே அதுதான்: ஓனரும் வாடகைதாரரும் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறினால், வீட்டைத் திரும்பக் கேட்கலாம். இந்த ஒரு காரணத்தை மட்டும் வைத்தே நிறைய வழக்குகளில் காலி செய்யும் உத்தரவு வந்திருக்கிறது. பழைய சட்டத்தில் ஓனர் தன் சொந்தத் தேவையையோ, வாடகைதாரர் வேண்டுமென்றே பாக்கி வைத்ததையோ நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் சாட்சி சொல்லிக்கொண்டிருந்ததை நினைத்தால், இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும்.

உங்களிடம் இருக்கும் மற்ற இரண்டு காரணங்களையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு மாத வாடகை பாக்கியாகி, அதைக் கேட்டு நீங்கள் அனுப்பிய நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் முழுதாகக் கட்டாவிட்டால், அது காலி செய்யக் கேட்க ஒரு காரணம். உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வீட்டையோ அதில் ஒரு பகுதியையோ வேறொருவரிடம் விட்டால் அதுவும் ஒரு காரணம். ஆனால் இரண்டாவதில் கவனமாக இருங்கள். மச்சான் குடும்பம் பள்ளி விடுமுறைக்கு வந்து தங்குவது உள்வாடகை ஆகாது. இவர் வேறு இடத்துக்குப் போய்விட்டாரா, அந்தக் குடும்பம் இவருக்குப் பணம் கொடுக்கிறதா என்று தெரிய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் போனில் சொன்னது கோர்ட்டில் நிற்காது. நீங்களே வந்து பார்க்கலாம், 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவித்துவிட்டு, பகல் நேரத்தில். தெரிவிக்காமல் வந்து கதவைத் தட்டினால் அதையும் அவர் புகாராக்குவார்.

நோட்டீஸ் அனுப்புவதில் ஒரு சில நுணுக்கங்கள். வக்கீல் மூலம் அனுப்புங்கள், எந்த மாதத்துக்கு எவ்வளவு பாக்கி என்று கணக்கு தெளிவாக இருக்கட்டும். பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால் இப்போது ஸ்பீட் போஸ்ட்தான், ஒப்புகையோடு. வாங்க மறுத்துவிட்டார் என்று தபால்காரர் எழுதித் திருப்பி அனுப்பினால், அந்த உறையைப் பிரிக்காதீர்கள். பிரிக்காத உறை நல்ல சாட்சி: சரியான முகவரிக்கு அனுப்பி அவர் மறுத்திருந்தால், நோட்டீஸ் சேர்ந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஆவலில் பிரித்துப் பார்த்துவிட்டு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே நீங்கள் அனுப்பியதுதானே இருக்கும்!

நோட்டீஸ் போன பிறகு அவர் திடீரென்று ஜிபேயில் 14,000 அனுப்புவார். பல பேர் அங்கே தடுமாறுகிறார்கள். திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கே, "இந்தத் தொகையை ஏற்கனவே உள்ள பாக்கியில் வரவு வைத்துக்கொள்கிறேன், நோட்டீஸ் அப்படியே இருக்கிறது" என்று எழுத்தில் அனுப்புங்கள். சும்மா வாங்கி வைத்துக்கொண்டால், நோட்டீஸை நீங்களே கைவிட்டீர்கள் என்று அவர் தரப்பு வாதிடும். முழுப் பாக்கியையும் ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் பாக்கி என்ற காரணம் போய்விடும். அப்போதும் ஒப்பந்தம் இல்லாத காரணம் உங்கள் கையில் இருக்கும்.

நோட்டீஸுக்கும் மசியாவிட்டால், காலி செய்யும் உத்தரவு கேட்டு ரென்ட் கோர்ட்டுக்குப் போக வேண்டும். சென்னை நகரில் இது சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கிறது, மற்ற இடங்களுக்கு அந்தந்தப் பகுதி நீதிமன்றம். குரோம்பேட்டை தாம்பரம் மாநகராட்சிக்குள் வருவதால் உங்களுக்கு இந்தச் சட்டம்தான். இது நகர்ப்புறத்துக்கான சட்டம். ஊராட்சிப் பகுதியில் வீடு இருந்தால் சொத்து மாற்றச் சட்டத்தின் 106-வது பிரிவின்படி 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ரென்ட் கோர்ட் வழக்கை வேகமாக முடிக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. நடைமுறையில் வாய்தா, மேல்முறையீடு, கடைசியில் உத்தரவை நிறைவேற்ற மனு, கோர்ட் ஊழியரான அமீனா வந்து பூட்டைத் திறப்பது என்று இழுக்கும். ஒப்பந்தம் முடிந்தும் வீட்டை விடாமல் இருக்கும் காலத்துக்கு இரட்டிப்பு வாடகை கேட்க 23-வது பிரிவு இடம் தருகிறது. மனுவில் கட்டாயம் கேளுங்கள். கையில் ஒன்றும் இல்லாதவரிடம் அதை வசூலிப்பது வேறு விஷயம், ஆனால் சமரசம் பேசும்போது அந்த எண் மேஜையில் இருப்பது நல்லது.

சமரசம் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த தீர்வே அதுதான். கணக்கைப் பாருங்கள். பாக்கி 56,000-ஐ அட்வான்ஸில் கழித்தால் மிச்சம் 14,000. அதோடு உங்கள் கையிலிருந்து 15,000 சேர்த்து, "இந்த மாதக் கடைசிக்குள் சாவி கொடுத்தால் 29,000 தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் பணம் இல்லாததால்தான் பாதிப் பேர் நகர முடியாமல் இருக்கிறார்கள். உங்களுக்கு உண்மையான நஷ்டம் அந்த 15,000-மும் பெயின்ட் செலவும். வழக்கு ஒரு வருடம் இழுத்தால் வராத வாடகை மட்டும் 1,68,000, வக்கீல் ஃபீஸும் பெங்களூரிலிருந்து ரயில் டிக்கெட்டும் தனி. "தப்பு செய்தவனுக்கு நான் ஏன் பணம் கொடுக்கணும்?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, ரோஷத்துக்கு எவ்வளவு செலவழிப்பது என்பது அவரவர் வசதி. நோட்டீஸ் போன பிறகு பேசினால் பேரம் படியும், முன்பே பேசினால் பலவீனமாகத் தெரியும். பணத்தை எப்போது கொடுப்பது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: சாமான் எல்லாம் இறங்கி, சாவி கைக்கு வந்த பிறகுதான். "புது வீட்டுக்கு டோக்கன் கட்டணும், பாதி இப்ப கொடுங்க" என்று கேட்டால், அந்த வீட்டு ஓனரின் கணக்குக்கு நேராக ஒரு சின்னத் தொகை அனுப்பலாம், அவ்வளவுதான்.

கேள்வியில் இல்லாவிட்டாலும் உங்கள் மனதில் நிச்சயம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பயத்தையும் தீர்த்துவிடுகிறேன். பன்னிரண்டு வருடம் இருந்தால் வீடு குடித்தனக்காரருக்குச் சொந்தமாகிவிடும் என்பது தவறு. எதிரிடை அனுபவத்துக்கு, அதாவது ஓனரின் உரிமையை மறுத்து நெடுநாள் வைத்திருந்து சொந்தம் கொண்டாடுவதற்கு, காலவரையறைச் சட்டத்தில் 12 வருடம் என்று இருப்பது உண்மை. ஆனால் உங்களை ஓனராக ஏற்று வாடகை கொடுத்து உள்ளே வந்தவர், குடியிருக்கும் வரை உங்கள் உரிமையை மறுக்க முடியாது என்பது சாட்சியச் சட்டத்தில் 1872 முதல் இருக்கும் விதி. அந்த முகவரியில் ரேஷன் கார்டு, ஆதார், கேஸ் இணைப்பு எல்லாம் வாங்கியிருந்தாலும் அவை அங்கே வசித்ததற்கான சான்று, அவ்வளவே. வாடகையே வாங்காமல், எழுத்தும் இல்லாமல், உறவினரைப் பல வருடம் குடிவைத்தவர்கள்தான் உண்மையில் பயப்பட வேண்டியவர்கள்.

லீஸ் என்று சென்னையில் சொல்லும் ஏற்பாடு, அதாவது ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாக வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் விடுவது, அதைப் பற்றி ஒரே வரி: வாங்கிய பணத்தை மகள் கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்டு, மூன்று வருடம் கழித்து "காலி பண்ண மாட்டேங்கிறார்" என்று வருபவரிடம், தப்பு அந்தப் பக்கம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதே மாதிரி, தகராறுக்காரர் என்று ஓனர்கள் சொல்லும் எல்லோரும் தகராறுக்காரர்கள் இல்லை. மழைக்குக் கூரை ஒழுகுகிறது, ஓவர்ஹெட் டேங்க் கழுவி ஒரு வருடம் ஆகிறது என்று வாரம் ஒரு முறை போன் செய்பவர் தொல்லையாகத் தெரியலாம். ஆனால் கட்டடத்தின் கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது போன்றவை ஓனர் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. டேப் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பார்க்க வேண்டியவை. நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால், அவரே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஈபி விஷயத்திலும் அப்படித்தான். இரண்டு போர்ஷனுக்கு ஒரே இணைப்பு வைத்து, சப் மீட்டரில் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்கும் ஓனருக்கும் குடித்தனக்காரருக்கும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சண்டை வராமல் இருக்காது. தனி இணைப்பு வாங்கிவிட்டால் அவர் பில் அவர் பாடு, 100 யூனிட் இலவசமும் அவருக்கே சேரும். ஒன்று மட்டும்: பில் கட்டாமல் போனால் இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால் பாக்கி உங்கள் தலையில்தான். இணைப்பு எண்ணை வைத்து ஆன்லைனிலேயே பார்க்கலாம், பெங்களூரிலிருந்தும்.

அடுத்து வருபவரைத் தேர்ந்தெடுக்கும்போது, புரோக்கர் சொல்லும் "நல்ல ஃபேமிலி, ஐடி ஜாப்" என்ற சான்றிதழை விட்டுவிட்டு, அவர் முன்பு இருந்த வீட்டு ஓனருக்கு ஒரு போன் செய்யுங்கள். இப்போதிருக்கும் வீட்டு ஓனரைக் கேட்டால் அனுப்பிவிடும் அவசரத்தில் புகழ்வார், அதற்கு முந்தைய வீட்டைக் கேட்பது நல்லது. ஏன் மாறுகிறார், அட்வான்ஸ் எவ்வளவு திரும்பப் போனது என்ற இரண்டு கேள்வி போதும். ஆதார் நகல் வாங்குவதோடு காவல் நிலையத்திலும் விவரம் கொடுங்கள். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வாடகை வீடு ஒன்றில் இருந்த, வங்கிக் கொள்ளை வழக்கில் தேடப்பட்ட ஐந்து பேர் என்கவுன்டரில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, வாடகைதாரர் விவரத்தை ஓனர்கள் கொடுக்க வேண்டும் என்று சென்னை காவல்துறை உத்தரவு போட்டது நினைவிருக்கலாம். அப்புறம், வாடகை வங்கிக் கணக்குக்கே வரட்டும். வருமான வரிக்குப் பயந்து பாதியை ரொக்கமாக வாங்கும் ஓனர், பாக்கி என்று வரும்போது பாதியைத்தான் நிரூபிக்க முடியும். அக்ரிமென்டில் 14,000-க்கு 7,000 என்று எழுதி வைத்திருந்தால் இரட்டிப்பு வாடகைகூட அந்த 7,000-க்குத்தான் கிடைக்கும்.

இவர் காலி செய்யும் நாளில் நீங்கள் நேரில் இருங்கள், மாமாவை அனுப்ப வேண்டாம். அறை அறையாக வீடியோ எடுங்கள், ஈபி மீட்டர் ரீடிங்கையும் சேர்த்து. அந்த இன்னொரு குடும்பமும் சாமானோடு போய்விட்டதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அவர் போய், அவர்கள் நிற்பார்கள். "வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்துவிட்டேன், அட்வான்ஸ் கணக்கு தீர்ந்தது" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பிறகு பணத்தைக் கணக்குக்கு அனுப்பிவிட்டு, அன்றைக்கே பூட்டை மாற்றிவிடுங்கள். அந்த நாளில் மாற்றினால் யாரும் கேட்க முடியாது.